நாளமும் நாழிகையும்

(மூளை, தண்டுவட ரத்தநாள மருத்துவம் குறித்து நாவலூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தாய் தந்தையரின் நினைவைப் போற்ற விரும்பும் மக்கள் அதற்கென ஒரு தொகையை வைப்பு நிதியாக ஒதுக்கி, ஏதேனும் ஒரு துறையில் உழைத்தவரை ஆண்டுதோறும் அழைத்து, அவர் கற்றதைப் பொதுமக்கள் முன்னிலையில் தாய்மொழியிலேயே எடுத்துரைக்கச் செய்வது தமிழ்நாட்டின் அறிவு வாழ்வுக்கு அணி செய்யும் ஒரு நல்ல சம்பிரதாயமாகும். இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் பெரும்பாலும் உரியதாக இருந்துவரும் இம்மேடையில் மருத்துவத்துக்கும் ஓரிடம் அளித்தமைக்கு நான் நன்றி பாராட்டுகிறேன்.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தத்தைக் கொண்டு செல்லும் நாளங்களிலும், அங்கிருந்து அதனை மீட்டு வரும் நாளங்களிலும் உண்டாகும் நோய்களுக்குச் சிகிச்சை செய்வதே என் தொழில். மருத்துவத்தின் கிளைகளுள் இது மிகக் குறுகியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள குழாயைக் கையாளுவதும், திரையில் தோன்றும் நிழலைப் பார்த்து முடிவு செய்வதுமாகவே இத்தொழிலில் ஈடுபட்டவனுடைய நாட்கள் கழிகின்றன. ஆயினும், இத்துறையின் நுட்பம் எவ்வளவுக்கெவ்வளவு வளர்ந்து வந்திருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதன் பயன் மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களின் அறிவையும் விரைவையும் சார்ந்ததாகிவிட்டது என்பதே என் அனுபவம் எனக்குக் கற்பித்த பிரதானமான பாடம். அந்த ஒரு கருத்தை உங்கள் முன் நிலைநாட்டுவதே இன்றைய உரையின் நோக்கம்.

1. மூளைக்குச் செல்லும் வழிகள்

மனித சரீரத்தின் எடையில் மூளையின் பங்கு நூற்றில் இரண்டு பாகமே. ஆனால் சரீரம் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே செலவழித்துவிடுகிறது. தசை தனக்கு வேண்டிய உணவைச் சிறிது சேமித்து வைத்துக்கொள்ளும், கல்லீரலும் சேமிக்கும், மூளைக்கோ அத்தகைய சேமிப்பு இல்லையென்றே சொல்லலாம். கணந்தோறும் ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதற்காகக் கழுத்தின் முன்புறத்தில் இரண்டும் பின்புறத்து எலும்புகளினூடே இரண்டுமாக நான்கு தமனிகள் மண்டைக்குள் ஏறுகின்றன. அவை மூளையின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக அமைகின்றன. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியாக ரத்தம் வர இயலுமாறு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் அவ்வளையத்தின் தன்மையை விளக்கி எழுதிய மூளையமைப்பு நூல், கிறிஸ்டபர் ரென் வரைந்த சித்திரங்களுடன் 1664ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதே 1664ஆம் ஆண்டில்தான் சென்னைக் கோட்டைக்குள், நோயுற்ற கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்களுக்காக ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையாக நிற்கிறது. வில்லிஸின் வளையத்தில் உண்டாகும் நோயைக் குணப்படுத்தும் கலை அந்த மருத்துவமனையை வந்தடைய ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

2. சென்னையில் இக்கலை வேரூன்றிய வரலாறு

நம் நாட்டில் நரம்பியல் அறுவை மருத்துவத்துக்கென முதல் துறை 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். 1922இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோவில் 1947இல் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்று, நியூகாசிலில் ரோபாத்தம் என்பவரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் அவர். 1951இல் சாண்டியும் ராமமூர்த்தியும், மருத்துவர்கள் எஸ்.டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். இந்தியாவின் நரம்பியல் வரலாறு தமிழ் மண்ணில் தொடங்கிற்று என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அக்காலத்து மருத்துவர்களிடம் இன்றுள்ள ஸ்கேன் கருவிகள் எவையும் இல்லை. நோயாளியின் நடையையும், கண்மணியின் அளவையும், முழங்காலைத் தட்டும்போது கால் உதறும் விதத்தையும் கொண்டே நோய் மூளையின் எப்பாகத்தில் இருக்கிறதென்று அவர்கள் ஊகித்தார்கள். ஊகத்தை உறுதி செய்யக் கழுத்திலுள்ள தமனியில் நேரே ஊசியைக் குத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, அது ஓடி மறைவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

ராமமூர்த்தி 1969இல், மூளைத் தமனிகளில் உண்டாகும் புடைப்பு நோய் இந்தியாவில் எந்த அளவுக்குக் காணப்படுகிறது என்பதைப் பற்றி, நரம்பியல் அறுவை மருத்துவத்துக்கான அமெரிக்கச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மேனாட்டு மருத்துவமனைகளில் நாளும் காணப்பட்ட அந்நோய் நம் மருத்துவமனைகளில் அருகியே காணப்பட்டது அக்காலத்தவர் பலரையும் சிந்திக்கச் செய்த ஒரு விஷயம். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இத்துறையில் உழைப்பவன் ஒன்றை மறக்கலாகாது: தமனி வெடித்துச் சில மணி நேரத்துக்குள் வீட்டிலேயே உயிர் பிரிந்தவர் எந்த மருத்துவமனையின் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. கிராமத்தில் ‘திடீரென்று தலைவலி என்றாள், விழுந்தாள், போய்விட்டாள்’ என்று சொல்லப்படும் மரணம் எத்தனை வீடுகளில் நிகழ்ந்திருக்கும்!

ராமமூர்த்தி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், டாக்டர் கே.எஸ். சஞ்சீவி தோற்றுவித்த தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையில், ஆசண்ட லட்சுமிபதி பெயரால் அமைந்த நரம்பியல் அறுவை மையத்தை உருவாக்கினார். வசதியற்றவருக்கும் தரமான சிகிச்சை என்னும் லட்சியத்தோடு தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை, நீங்கள் தினமும் நாவலூரிலிருந்து நகரத்துக்குச் செல்லும் சாலையின் வடகோடியில் இருக்கிறது. அவருடன் உழைத்த டாக்டர் டி.எஸ். கனகா, ஆசியாவில் இத்துறைக்கு வந்த முதற் பெண்மணிகளுள் ஒருவர். மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியைக் கணக்கிட்டு அடையும் நுண்சிகிச்சையில் வல்லவர். பெற்றோர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவிக் குரோம்பேட்டையில் எளியவர்களுக்கு மருத்துவ உதவி செய்து, 2018இல் மறைந்தார். இத்தகையோர் நடமாடிய நிலப்பகுதியில்தான் நீங்களும் வாழ்கிறீர்கள்.

3. கத்தியிலிருந்து கம்பிக்கு

மூளையின் நாளங்களை உயிருள்ள மனிதனிடம் படமாகக் காணும் முறையை 1927இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் கண்டறிந்தார். 1937இல் பால்டிமோர் நகரில் வால்டர் டேண்டி என்பவர் தமனிப் புடைப்பு ஒன்றின் கழுத்தில் சிறிய உலோகக் கவ்வியைப் பொருத்தி அதனை அடைத்தார். 1953இல் ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர், தமனியில் ஊசி வழியே கம்பியையும், கம்பியின்மேல் குழாயையும் நுழைக்கும் எளிய முறையை வெளியிட்டார். இன்று கேத் லேப் எனப்படும் நாளச் சிகிச்சைக் கூடத்தில் நடைபெறும் சிகிச்சை யாவும் அம்முறையின்மீதே நிற்கின்றன. 1974இல் மாஸ்கோவின் செர்பினென்கோ, பிரித்து விடக்கூடிய சிறு பலூன்களை நாளத்துக்குள் செலுத்திய அனுபவத்தை உலகுக்கு அறிவித்தார். 1990இல் கலிபோர்னியாவில் பணியாற்றிய இத்தாலியர் குக்லியெல்மி, மின்சாரத்தால் கழன்றுகொள்ளும் பிளாட்டினச் சுருளை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார்.

அச்சிகிச்சை நடைபெறும் விதத்தைச் சற்று அருகிருந்து காண்போம். சைக்கிள் ட்யூபில் நைந்த இடம் காற்றின் அழுத்தத்தால் புடைத்துக்கொள்வதுபோல், தமனி கிளை பிரியுமிடத்தில் சுவர் மெலிந்து ஒரு சிறு பை தோன்றுகிறது. அது வெடிக்கும்போது, வாழ்நாளில் அதுவரை அறிந்திராத கடுமையுடன், நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும் தலைவலி வருகிறது. முதல் வெடிப்பில் உயிர் தப்பியவருக்கு மீண்டும் வெடிப்பதே பேரபாயம். ஆகவே காலம் தாழ்த்தாமல் அப்பையை அடைக்க வேண்டும்.

தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் நுழைந்த கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் இதயத்தை ஒட்டிய பெருநாடியைக் கடந்து கழுத்துக்கு ஏறுகிறது. அதனுள்ளே இன்னும் மெல்லிய குழாய். அதனுள்ளே நுனி வளைந்த கம்பி. மருந்து செலுத்துமுன் எடுத்த படத்தைச் செலுத்தியபின் எடுத்த படத்திலிருந்து கழித்துவிடுவதால், எலும்புகள் மறைந்து நாளங்கள் மட்டுமே திரையில் எஞ்சி நிற்கின்றன. கம்பியை மருத்துவர் விரலிடையே வைத்து உருட்டுகிறார், நுனி திரும்புகிறது, கிளை ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றில் இறங்குகிறது. பையின் வாயை அடைந்ததும் கம்பி வெளியே எடுக்கப்பட்டு, முடியினும் மெல்லிய பிளாட்டினத்தாலான சுருள் உள்ளே தள்ளப்படுகிறது. முதற்சுருள் பையின் சுவரை ஒட்டி ஒரு கூடாக அமைய வேண்டும். பின்வரும் சுருள்கள் அக்கூட்டின் உட்புறத்தை நிரப்ப வேண்டும். அறையிலுள்ள அனைவரும் மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்க்கிறார்கள். மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை ஒரு வரம்புக்குள் பிடித்து நிறுத்துகிறார். செவிலியர் அடுத்த சுருளின் அளவை உரக்கப் படித்து உறுதி செய்துகொள்கிறார். இறுதியில் மருந்தைச் செலுத்திப் பார்க்கும்போது தமனி தெளிவாக ஓடுகிறது. பை மட்டும் தெரிவதில்லை.

2002இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, வெடித்த புடைப்புடைய 2,143 நோயாளிகளைக் கொண்டு, கவ்வி பொருத்தும் அறுவை, சுருள் ஆகிய இரு முறைகளையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் இறந்தவரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவரும், அறுவை முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர். சுருள் முறையில் ஏறத்தாழ 24 பேர். இரு முறைகளில் எதுவும் பொருந்தக்கூடிய நோயாளிகளைப் பற்றியது அம்முடிவு. கத்திக்கு உரிய இடம் இன்றும் உண்டு. எந்த நோயாளிக்கு எது உகந்தது என்பதை இரு கலைகளையும் அறிந்தவர்கள் கூடி முடிவு செய்வதே முறை.

4. தண்டுவடம் என்னும் மறக்கப்பட்ட பகுதி

மூளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்டுவடத்தை மறந்துவிடுவது வழக்கம். மருத்துவ உலகமும் அதை நெடுங்காலம் மறந்தே இருந்தது. சிறுவிரலினும் மெல்லிய அந்த நரம்புத் தண்டுக்கு முன்புறம் ஒன்றும் பின்புறம் இரண்டுமாக மூன்று தமனிகள் உணவூட்டுகின்றன. விலாத் தமனிகளிலிருந்து வரும் கிளைகள் அவற்றுக்குத் துணை செய்கின்றன. அக்கிளைகளுள் பெரியதை 1880களில் போலந்து அறிஞர் அடம்கீவிச் விவரித்தார்; பெரும்பாலும் இடப்புறம் புறப்பட்டு, மேலேறி, கொண்டையூசியின் வளைவோடு திரும்பிக் கீழிறங்கும் அந்த ஒரு தமனியை அறியாமல் அடைத்துவிட்டால் இரு கால்களும் செயலிழந்துவிடும். 1960களில் பாரிஸ் நகரத்து ஜின்ஜியான் போன்றோர் தண்டுவடத் தமனிகளை ஒவ்வொன்றாகப் படமெடுக்கும் முறையை வளர்த்தார்கள்.

இப்பகுதியில் காணும் நாளக் கோளாறுகளுள் மிகுதியானது, தண்டுவடத்தைப் போர்த்திய உறையில் தமனியும் சிரையும் முறைகேடாக இணைந்துகொள்வதாகும். ஐம்பது வயது கடந்த ஆண்களுக்கே அது பெரும்பாலும் வருகிறது. தமனியின் அழுத்தம் சிரைக்குள் பாய்வதால் தண்டுவடத்தில் ரத்தம் தேங்கி, நரம்புகள் சிறிது சிறிதாக நலிகின்றன. பஸ் நிறுத்தம்வரை நடந்தால் கால் கனக்கிறது, சற்று உட்கார்ந்தால் சரியாகிறது என்று நோயாளி சொல்வார். வயதாகிவிட்டது என்பர் வீட்டார். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று இடுப்புப் பட்டை கொடுக்கப்படும். சிறுநீர் கழிப்பதில் சிரமம் தோன்றும்போது பிராஸ்டேட் சுரப்பி பழியேற்கும். மாதங்கள் கழிந்து எம்.ஆர்.ஐ. படத்தில், வீங்கிய தண்டுவடத்தின் மேல் நெளிந்தோடும் கரும்புள்ளிகளைக் கண்டபிறகே உண்மை வெளிப்படும்.

அப்போதும் அந்த இணைப்பு எந்த முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கிறதென்று கண்டறிய, இருபுறத்து விலாத் தமனிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் படமெடுக்க வேண்டும்; சில வேளைகளில் மணிக்கணக்கில் அப்பணி நீளும். கண்டுபிடித்துவிட்டால் ஒரு துளிப் பசையால் அதை அடைத்துவிடலாம். அல்லது சிறிய அறுவையால் துண்டித்துவிடலாம். ஆனால் இழந்த பலம் எவ்வளவு மீளும் என்பது, சிகிச்சையின் நாளன்று கால்களில் எவ்வளவு பலம் மிஞ்சியிருந்தது என்பதைப் பொறுத்தது. நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்து செல்கிறார்; சக்கர நாற்காலியில் வந்தவருக்கு அந்த உறுதியை எவராலும் அளிக்க இயலாது. ‘கால் கனக்கிறது’ என்னும் சொல்லை முதலில் கேட்பவர் மனைவியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தெருவிலுள்ள குடும்ப வைத்தியரோதான். நிபுணர் அச்சொல்லைக் கேட்கும் வரிசையில் கடைசியில் நிற்கிறார்.

5. நாழிகையின் விலை

தண்டுவடத்தில் மாதங்களைக் கொண்டு எண்ணும் காலத்தை, மூளைத் தமனி அடைபடும் பக்கவாதத்தில் நிமிஷங்களைக் கொண்டு எண்ண வேண்டியிருக்கிறது. பெரிய தமனி ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிஷத்திலும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கீடு வெளியாயிற்று. சிரை வழியே செலுத்தி ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பக்கவாதத்தின் முதல் மூன்று மணி நேரத்தில் பயன் தருமென்று 1995இல் நிரூபணமாயிற்று. பின்னர் அவ்வெல்லை நாலரை மணி நேரமாக நீட்டப்பட்டது. கதீட்டர் வழியே சென்று கட்டியையே வெளியே இழுத்துவிடும் சிகிச்சையின் பெரும்பயனை 2015இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் ஐயமற நிலைநாட்டின. ஸ்கேனில் தகுதியுடையவரெனக் காணும் சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பயன்படுமென்று 2018இல் தெரியவந்தது. ஆயினும் அந்த நீண்ட எல்லையை எண்ணி எவரும் காத்திருக்கலாகாது. முதல் மணி நேரத்தில் கிடைக்கும் நன்மைக்கு ஆறாவது மணி நேரத்தின் நன்மை ஈடாகாது.

நோயாளி வந்ததும் மருத்துவர் வீட்டாரிடம் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தீர்கள்? காலை ஏழு மணிக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தது என்று மகன் சொல்கிறார். அப்படியானால் நோய் வந்தது இரவு அவர் படுத்த பத்து மணிக்கா, விடியற்காலையிலா என்று தெரியாது. மருமகள் சற்று யோசித்து, ‘அஞ்சரைக்கு மாமா எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்தார், பால் பாக்கெட் வந்துச்சான்னு கேட்டார், பேச்சு நல்லாத்தான் இருந்தது’ என்கிறார். அந்த ஒரு வாக்கியம் கடிகாரத்தை ஏழரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்துகிறது. கொடுக்க இயலாதென்று இருந்த மருந்தைக் கொடுக்க அது வழி திறக்கக்கூடும். எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டமும் செய்ய இயலாத உதவியை, வீட்டில் விழித்திருந்த ஒருவரின் கவனம் செய்துவிடுகிறது.

இதற்கு மாறாக, வாய் கோணிக்கொண்டவருக்குக் காற்று பட்டுவிட்டது என்று தைலம் தேய்ப்பதும், மயக்கமென்று நினைத்துக் காபியோ சோடாவோ புகட்டுவதும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைப்பதும் நாழிகையை விழுங்கிவிடுகின்றன. விழுங்கும் சக்தியை இழந்தவருக்குப் புகட்டிய திரவம் நுரையீரலுக்குள் இறங்கும் அபாயமும் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் தொங்குகிறதா, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு, 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் 108 வண்டியை உடனே அழையுங்கள். எந்த நேரத்திலும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். இடையில் வேறெங்கும் நிற்க வேண்டாம்.

6. நாவலூரின் கடமை

ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் ஏரியுமாக இருந்த இவ்வூர் இன்று வானளாவிய குடியிருப்புகளின் நகரமாகிவிட்டது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதிய பெற்றோர் பதினான்காம் மாடியில் தனித்திருக்கும் வீடுகள் இங்கே பலவுண்டு. இரவு முழுதும் கணினி முன் விழித்திருந்து, தம் ரத்த அழுத்தம் எவ்வளவென்று ஒருமுறையும் பார்த்தறியாத முப்பது வயதினரும் இருக்கிறார்கள். கட்டிட வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து, நோயுற்றால் எங்கே செல்வதென்று அறியாத தொழிலாளரும் இருக்கிறார்கள். இவர்களுக்கு நோய் வரும் வேளையில் முதலில் அருகே இருக்கப்போகிறவர் காவலாளியோ வீட்டுவேலைக்கு வரும் பெண்மணியோதான். அவர்களுக்கு அம்மூன்று அறிகுறிகளையும் கற்றுக்கொடுப்பது ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்தின் கடமை. ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட் எது, ஆம்புலன்ஸ் எந்த வாயிலில் நிற்க வேண்டும் என்பவற்றையும் இன்றே முடிவு செய்துவைத்தல் வேண்டும்.

வருமுன் காப்பதிலும் நமக்கு வேலை உண்டு. பக்கவாதத்தின் காரணங்களுள் தலையாயது உயர் ரத்த அழுத்தம். ‘தலை சுற்றல் இல்லை, ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்னும் சொல்லைக் கேட்காத வாரம் எங்களுக்கு இல்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மூளை ரத்தக்கசிவைத் தடுப்பதில் அம்மாத்திரைக்கு ஈடான கருவி எங்கள் கேத் லேபில் இல்லை.

பிரசவித்த பெண்களுக்கு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து, தலைவலியும் வலிப்பும் உண்டாகும் நோய் நம் நாட்டில் நெடுங்காலமாகக் காணப்படுவது. பத்தியம் என்ற பெயரில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைக்கும் பழைய வழக்கம் அந்நோய்க்குத் துணைபோகக்கூடும். பெரியவர்கள் அன்பினால் செய்யும் காரியம் அது. அந்த அன்போடே தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். மூளையுறையில் பரவும் காசநோயும் மூளையடித் தமனிகளைச் சுருக்கி இளவயதினருக்குப் பக்கவாதத்தை வருவிக்கும். 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். அவர் அன்று எதிர்த்த அந்நோயை முழுதும் ஒழிக்கும் முயற்சி எங்கள் துறைக்கும் உரிய முயற்சியே.

இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.பி.பி.எஸ். முடித்து, நரம்பியலோ, நரம்பு அறுவையோ, கதிரியலோ கற்று, அதன்பின் இந்நுண்கலையைப் பயில நீண்ட ஆண்டுகள் செல்லும். இரவு தூக்கம் உங்களுக்கு உரியதாக இராது. ஈய அங்கியின் பாரம் முதுகைச் சோதிக்கும். ஆனால் பேச்சிழந்து வந்த ஒருவர், கட்டி வெளிவந்த சற்று நேரத்தில் தம் மகளைப் பெயர் சொல்லி அழைப்பதை நேரில் காணும் பேறு வேறு எத்தொழிலுக்கு உண்டு! அந்தப் பேற்றில் காவலாளிக்கும், மருமகளுக்கும், 108 ஓட்டுநருக்கும் பங்கு உண்டென்பதை உணர்ந்தவரே இத்துறையில் நல்ல மருத்துவராக விளங்க முடியும்.

நுட்பமான சிகிச்சை இன்று உங்கள் சாலையிலேயே கிடைக்கிறது. அதற்குச் செலவு செய்ய இயலாதவருக்கு அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. இவற்றுக்கும் நோயாளிக்கும் இடையே எஞ்சியிருக்கும் தூரத்தைக் குறைக்க வேண்டியவர்கள் நீங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களின் ரத்த அழுத்தத்தை இவ்வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். அவர்கள் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டிவையுங்கள். உங்கள் குடியிருப்பின் காவலாளியிடம் நாளைக் காலையிலேயே பேசுங்கள்.